நொச்சி சூடிய வீரர்

உதைபந்தாட்டப் போட்டி ஒன்று முடிந்தவுடன் இளைஞர்கள் யாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். கோல் அடித்தவனையே தூக்குவார்கள். அவன் அடித்தது ஒரே ஒரு கோலாக இருக்கலாம். அதுவும் பிறன் காலிற் பட்டுத் தெறித்து வந்த பந்தாக இருக்கலாம். அந்தத் தொண்ணூறு நிமிடங்களிலும் உள்ளே புகுந்திருக்க வேண்டிய பந்தைப் பத்து முறை மறித்துத் திருப்பியவனோ, முழங்காற் சிராய்ப்பைத் தண்ணீரிற் கழுவிக்கொண்டு ஒரு புறத்தே நிற்பான். அடித்த கோலுக்குக் கணக்கு உண்டு. விழாமற் போன கோலுக்குக் கணக்கு எழுதுவார் இல்லை. இந்த வாரம் அந்தப் பின்வரிசை வீரனைப் பற்றியும், அவனை முன்வைத்துக் குழுவை அமைக்கும் பயிற்றுநரைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

கழகம் ஒன்று புதிய தலைமைப் பயிற்றுநரை அமர்த்துகிறது. அவர் காப்பாட்டத்தை முதன்மையாகக் கொள்பவர் என்ற செய்தி வருகிறது. உடனே ரசிகர்களின் முகம் சுருங்கிவிடுகிறது. இனி ஆட்டத்திற் சுவை இராது என்பார் ஒருவர். அடிக்கத் தெரியாதவன்தான் மறிப்பான் என்பார் இன்னொருவர். எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவரும் அண்மையில் இவ்வாறே கேட்டார்: "கோல் அடிக்காமல் எப்பிடி சேர் வெல்லுறது? மறிச்சுக்கொண்டு நிண்டால் சமநிலைதானே வரும்?" கேள்வி நியாயமானது. ஆயினும் அதற்குரிய விடை மணியடிப்பதற்கு முன் இரண்டு வாக்கியங்களிற் சொல்லி முடிக்கத் தக்கதன்று. ஆகவே அதனை இங்கே சற்று விரித்துச் சொல்கிறோம்.

தமிழர் இக்கேள்வியைப் போர்க்களத்தில் வைத்து முன்னரே ஆராய்ந்திருக்கின்றனர். மதிலை வளைத்துப் பற்ற முயல்பவன் சூடும் பூ உழிஞை. அம்மதிலின் உள்ளே நின்று காப்பவன் சூடும் பூ நொச்சி. ஐயனாரிதனார் தமது புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியைத் தனித் திணையாகவே வைத்தார். காப்பவனுக்கென ஒரு பூவும் ஓர் ஒழுக்கமும் வகுத்த மரபு அவனைக் கோழை என்று கருதியிருக்க இயலாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தொல்காப்பியர் நொச்சியைத் தனியே பிரிக்கவில்லை. மதிலை வளைத்தல், மதிலைக் காத்தல் ஆகிய இரண்டையும் உழிஞை என்ற ஒரே திணையுள் அடக்கினார். தாக்குதலும் காத்தலும் ஒரே வினையின் இரு பக்கங்கள் என்பது அவர் கொள்கை போலும். உதைபந்தாட்டத்தை நோக்குவார்க்கு இவ்விருவர் கருத்துகளும் வேண்டியனவே. எங்ஙனமென்பதற்குத் தமிழ்நாட்டுத் தலைநகரிலேயே ஒரு சான்று உண்டு.

2014ஆம் ஆண்டு இந்தியாவில் ஐ.எஸ்.எல். என்னும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கியபோது, சென்னை நகருக்கென 'சென்னையின் எப்.சி.' என்ற கழகம் எழுந்தது. அதன் முதற் பயிற்றுநர், 2006இல் உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலியக் குழுவின் பின்கள வீரர் மார்க்கோ மட்டரசி. அவர் காலத்தில், 2015இல், கழகம் முதன்முறை வாகை சூடியது. அடுத்த ஆண்டே சரிவு வந்தது. 2016இல் எட்டுக் குழுக்களுள் ஏழாவதாக நின்றது. மட்டரசி விலகினார். 2017 யூலையில் கழகத்தார் இங்கிலாந்து நாட்டவரான ஜோன் கிறெகரியை அழைத்தனர். அப்போது அவருக்கு வயது 63. இங்கிலாந்துத் தேசியக் குழுவுக்கு ஆறு முறை ஆடியவர். அஸ்ரன் வில்லா கழகத்தை 1998 முதல் 2002 வரை நடத்தி, 2000ஆம் ஆண்டு எப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டு சென்றவர். சென்னையில் அவர் அமைத்த குழு, கட்டுக்கோப்பை முதலிலும் பாய்ச்சலை இரண்டாவதாகவும் வைத்த குழுவாகும்.

அதே ஆண்டிற் கோவா மாநிலத்தின் கழகமும் ஒரு புதிய பயிற்றுநரை அமர்த்தியது. அவர் ஸ்பெயின் நாட்டவரான சேர்ஜியோ லொபேரா. அவருடைய கொள்கை நேர் எதிரானது: பந்தைத் தம் கால்களிலேயே வைத்திரு, ஓயாது முன்னேறு, எதிரி இரண்டு அடித்தால் நீ மூன்று அடி. ஒரே ஆண்டில் அமர்த்தப்பட்ட இருவர், இரு வேறு கொள்கைகள். தற்செயலாகப் பருவத்தின் தொடக்கத்திலேயே இவ்விருவரின் குழுக்களும் சென்னையில் மோதின. 2017 நவம்பர் 19ஆந் திகதி நடந்த அந்த ஆட்டத்தில், இடைவேளைக்கு முன்னரே கோவா மூன்று கோல்களை இட்டுவிட்டது. சென்னைக் குழு பின்னர் இரண்டைத் திருப்பியதாயினும் 3-2 எனத் தோற்றது. காப்பை நம்பி வந்த பயிற்றுநரின் காப்பு, முதல் நாளே சொந்த மண்ணில் மூன்று இடத்தில் உடைந்தது. அன்று மாலை மைதானத்தை விட்டுச் சென்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

காப்பாட்டம் என்பது உண்மையில் யாது? பதினொருவரும் கோற்கம்பத்தின் முன் கூடி நின்று வருகிற பந்தைக் கண்டபடி உதைத்துத் தள்ளுவதன்று. அது பயத்தின் செயல், ஆட்டமன்று. காப்பாட்டத்தின் உயிர் இடைவெளியைக் கணிப்பதில் இருக்கிறது. பின்வரிசையில் நால்வர் நிற்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே எவ்வளவு தூரம், அவ்வரிசைக்கும் முன்னேயுள்ள மத்தியகள வரிசைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பவற்றை ஒரே அளவிற் பேணவேண்டும். பந்து வலப்புறம் சென்றால் வரிசை முழுவதும் சேர்ந்து வலப்புறம் நகர வேண்டும். ஒருவர் எதிரியை எதிர்கொள்ளச் சென்றால், அவர் விட்ட இடத்தை மற்றவர் சாய்ந்து மூடவேண்டும். எதிரியை நடுவே வரவிடாது கரையோரம் ஒதுக்கவேண்டும். கரையிலிருந்து கோலைக் காணும் கோணம் குறுகிவிடும். அவசரப்பட்டுக் காலை நீட்டி விழுந்துவிடாமல், எதிரி தானே தவறு செய்யும் கணம்வரை நின்று பொறுக்கவேண்டும். இவ்வளவும் தனி ஒருவனின் திறமையால் வருவன அல்ல. பலமுறை பயின்று, ஒருவர் நடையை ஒருவர் அறிந்து, ஒருவர் குரலை ஒருவர் நம்பி வரவேண்டியவை.

எமது நெடுந்தீவிற்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்வேலிகளைப் பார்த்திருப்பார்கள். குறிகட்டுவானிற் படகேறிக் கடலைக் கடந்து இறங்கினால், வளவுகளைச் சுற்றி முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள் தெரு நெடுகத் தோன்றும். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஒரு கல்லைப் போல மற்றொரு கல் இல்லை. கட்டுபவர் ஒவ்வொரு கல்லையும் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் அடுத்த கல்லோடு பொருந்தும் என்று தேர்ந்து வைக்கிறார். சோளகக் காற்று ஆண்டுதோறும் வந்து மோதுகிறது, வேலி நிற்கிறது. கல்லின் பருமனால் மட்டும் அது நிற்பதன்று. ஒன்று மற்றொன்றின்மேற் சாய்ந்திருப்பதால் நிற்கிறது. இடையில் ஒரு கல்லை உருவினால் மேலுள்ளவை சரியும். பின்வரிசையும் இத்தகையதே. நல்ல பயிற்றுநர் நான்கு பெரிய கற்களைத் தேடி அலைவதில்லை. தம் கையில் உள்ள கற்களைத் திருப்பிப் பார்க்கிறார்.

சென்னையில் நடந்ததும் இதுவே. அப்பருவத்தின் 18 லீக் ஆட்டங்களில் சென்னைக் குழு அடித்த கோல்கள் 24. கோவா அடித்தவை 42. இவ்வெண்களை மாத்திரம் பார்ப்பவர் கோவாவே மேல் என்று முடிவு கட்டிவிடுவார். வாங்கிய கோல்களைப் பார்ப்போம். கோவா வாங்கியவை 28. சென்னை வாங்கியவை 19. புள்ளிகளைப் பார்ப்போம். கோவாவுக்கு 30, சென்னைக்கு 32. பதினெட்டுக் கோல்கள் குறைவாக அடித்த குழு, இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றுப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நின்றது. ஐந்து கோல் அடித்து வென்றாலும் ஒரு கோல் அடித்து வென்றாலும் கிடைப்பவை மூன்று புள்ளிகளே என்னும் எளிய கணக்கை, வீட்டுச் செலவு நடத்தும் எந்தத் தாயும் உடனே விளங்கிக்கொள்வாள். வருவாய் பெரிதாயிருப்பது ஒன்று. கையில் மிஞ்சுவது வேறொன்று.

அரையிறுதியில் அவ்விரு குழுக்களும் மீண்டும் எதிர்ப்பட்டன. கோவாவில் நடந்த முதலாட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. 2018 மார்ச் 13இல் சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சென்னை 3-0 என வென்றது. நான்கு மாதங்களின் முன் அதே நகரில் மூன்று கோல்களை இட்டவர்கள், இம்முறை ஒன்றும் இட முடியாது திரும்பினர். சென்னையின் மூன்று கோல்களுள் இரண்டை ஜெஜே லால்பெக்லுவா அடித்தார். மற்றொன்றை அடித்தவர் தனபால் கணேஷ். வடசென்னை வியாசர்பாடியிலிருந்து வந்த தமிழ் இளைஞர். பின்வரிசைக்கு முன்னே நின்று எதிரியின் பந்தைப் பறிப்பதே அவருடைய முதற் கடமை. காவற்காரர் ஒருவர் கோல் அடித்தார் என்பதை மாணவர் குறித்துக்கொள்ளட்டும்.

நான்கு நாட்களின் பின், மார்ச் 17இல், இறுதியாட்டம் பெங்களூரின் சொந்த மைதானத்திலேயே நடந்தது. லீக் ஆட்டங்களில் 40 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் நின்ற குழு பெங்களூர். ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டி முதற் கோலை இட்டார். காப்பை நம்பும் குழு பின்தங்கிவிட்டால் என்ன செய்யும் என்ற ஐயம் இயல்பானதே. அதற்கு விடை சொன்னவர், பிரேசில் நாட்டவரான மத்திய பின்கள வீரர் மெயில்சன் அல்வெஸ். 17ஆம் நிமிடத்திலும், இடைவேளைக்குச் சற்று முன் 45ஆம் நிமிடத்திலும், மூலை உதையில் வந்த பந்தை உயர எழுந்து தலையால் முட்டி இரண்டு கோல்கள் அடித்தார். இரண்டாம் பாதியில் ரபாயெல் அகுஸ்தோ மூன்றாவதை இட்டார். பெங்களூர் இறுதி நேரத்தில் ஒன்றைத் திருப்பியும் பயனில்லை. 3-2 என்ற கணக்கிற் கிண்ணம் இரண்டாம் முறையாகச் சென்னைக்கு வந்தது.

கேள்வி கேட்ட மாணவருக்கு இதுவே எமது முதல் விடை. காப்பாட்டம் கோல் அடிக்க மறுப்பதன்று. கோல் அடிக்கும் காலத்தைத் தேர்வது. மூலை உதையும் தனி உதையும் கிடைக்கும்போது பின்வரிசையின் நெடிய வீரர்கள் முன்னே செல்கிறார்கள். எதிரி முழு வேகத்தில் முன்னேறித் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கும் வேளையில் இரண்டு மூன்று உதைகளிற் பந்து மறு முனைக்குப் போய்ச் சேர்கிறது. சண்டைக்கு நிற்கும் ஆட்டுக்கடா பின்னே அடிவைப்பது ஓடுவதற்கன்று, பாய்வதற்கே என்று வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் உணர்த்தியதும் இதுவே.

உலக அரங்கில் இதற்குப் புகழ்பெற்ற சான்று கிரேக்க நாடு. 2001 ஓகஸ்டில் அந்நாட்டார் ஜேர்மனியரான ஒட்டோ ரேகாகலைப் பயிற்றுநராக அமர்த்தினர். அதுவரை கிரேக்கக் குழு பெரிய சுற்றுப்போட்டி எதனது இறுதிச் சுற்றிலும் ஓர் ஆட்டமேனும் வென்றதில்லை. ரேகாகலின் முதலாட்டம் பின்லாந்துக்கு எதிராக. 5-1 எனப் படுதோல்வி. 2004ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்திற்கான தகுதிச் சுற்றிலும் முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வியே. அதன்பின் எஞ்சிய ஆறு ஆட்டங்களையும் வென்றனர். அவ்வாறிலும் ஒரு கோலும் வாங்கவில்லை. போர்த்துக்கலில் நடந்த இறுதிச் சுற்றில் நடப்புச் சம்பியனான பிரான்சை 1-0, செக் குடியரசை 1-0, இறுதியாட்டத்தில் போர்த்துக்கலை அதன் தலைநகர் லிஸ்பனிலேயே 1-0 என வென்றனர். செக் நாட்டுக்கு எதிரான கோலை அடித்தவர் டெல்லாஸ் என்னும் பின்கள வீரர். இறுதியாட்டத்துக் கோலை அடித்தவர் கரிஸ்தேயஸ். இரண்டும் மூலை உதையிற் பிறந்தவை. இரண்டும் தலையால் முட்டியவை. பல விமர்சகர் இது அழகற்ற ஆட்டம் என்று குறை கூறினர். கிரேக்க மக்கள் அன்றிரவு உறங்கவில்லை.

அண்மைச் சான்று மொறோக்கோ. 2022 ஓகஸ்ட் இறுதியில், உலகக் கிண்ணத்திற்கு மூன்று மாதங்களும் இல்லாத வேளையில், வலீட் ரெக்ராகுயி பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். கட்டாரில் நடந்த அச்சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் அக்குழுவின் வலைக்குள் விழுந்தது ஒரே கோல். அதுவும் தம் வீரர் ஒருவரின் காலிற் பட்டு உள்ளே சென்றது. ஸ்பெயினும் போர்த்துக்கலும் அவர்களிடம் தோற்றன. உலகக் கிண்ண அரையிறுதியை எட்டிய முதலாவது ஆபிரிக்க நாடு என்ற பெயர் மொறோக்கோவுக்குக் கிடைத்தது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, காப்பாட்டமே என்றும் வெல்லும் மந்திரம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 1930களில் கார்ல் றப்பன் என்னும் ஒஸ்திரியர் சுவிற்சர்லாந்தில் ஒரு முறையை வகுத்தார். பின்வரிசைக்கும் பின்னால் இன்னொருவரை நிறுத்தி, தப்பி வரும் பந்தை அவர் மறிக்கச் செய்தார். அம்முறைக்கு அந்நாட்டார் இட்ட பெயரின் பொருள் 'தாழ்ப்பாள்'. அதனைக் கொண்டு சுவிஸ் குழு 1938 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியை 4-2 என வென்றது. இத்தாலியர் அதனை மேலும் இறுக்கினர். அவர்கள் மொழியிலும் அதன் பெயர் தாழ்ப்பாளே. 1960இல் இன்டர் மிலான் கழகத்தின் பயிற்றுநரான ஹெலேனியோ ஹெரேரா அம்முறையால் 1964இலும் 1965இலும் ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணத்தை வென்றார். 1967 மே 25இல் லிஸ்பனில் நடந்த இறுதியாட்டத்திலும் இன்டரே முதலில் ஒரு கோல் அடித்தது. அடித்தபின் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்துவிட்டது. எதிரே நின்றது ஸ்கொத்லாந்தின் செல்ற்றிக் கழகம். அதன் வீரர் அனைவரும் கிளாஸ்கோ நகரைச் சுற்றி ஏறக்குறைய 30 மைல் எல்லைக்குள் பிறந்த பிள்ளைகள். ஓயாது தாக்கி, இரண்டாம் பாதியில் இரண்டு கோல்கள் இட்டு, அத்தாழ்ப்பாளை அவர்கள் உடைத்தார்கள்.

சென்னைக் கதைக்கும் இரண்டாம் அத்தியாயம் உண்டு. வாகை சூடிய அடுத்த பருவத்தில், 2018-19இல், அதே பயிற்றுநரின் கீழ் அக்கழகம் பத்துக் குழுக்களுள் கடைசியாக வந்தது. பெற்ற புள்ளிகள் ஒன்பது. 2019 இறுதியிற் கிறெகரி விலக, ஓவன் கொயில் என்பவர் வந்தார். அவர் தாக்குதலை விரும்புபவர். அவர் கையில் அக்குழு கோல்களைக் குவித்து, 2020 மார்ச்சில் மீண்டும் இறுதியாட்டத்தை எட்டியது. பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளர் இன்றி நடந்த அந்த ஆட்டத்தில் கல்கத்தாக் கழகத்திடம் 3-1 எனத் தோற்றது. ஆகவே காப்பு வென்றதும் உண்டு, வீழ்ந்ததும் உண்டு. தாக்குதல் உயர்த்தியதும் உண்டு, கடைசிப் படியிற் கைவிட்டதும் உண்டு.

இதிலிருந்து பெறப்படுவது யாது? திருக்குறளில் அரண் என்றோர் அதிகாரம் இருக்கிறது. கோட்டையின் உயரம், அகலம், உறுதி எல்லாவற்றையும் அங்கே புகழ்ந்து சொல்லிவந்த வள்ளுவர், இறுதியில், செயல்திறன் இல்லாதவர் கையில் எத்தகைய கோட்டையும் கோட்டையாகாது என்று முடிக்கிறார். தாழ்ப்பாள் வீட்டைக் காப்பது. வீட்டில் இருப்பவர் எழுந்து வேலைக்குப் போகவேண்டுமாயின் அதனைத் திறக்கவும் வேண்டும். காப்பை விரும்பும் பயிற்றுநரை அமர்த்துவது சரியா, பிழையா என்பது தனித்து நிற்கும் கேள்வியன்று. எந்தக் குழுவுக்கு, எந்த நிலையில், எவரை எதிர்த்து என்று சேர்த்துக் கேட்கவேண்டும். ஏழாவதாகச் சிதறிக் கிடந்த குழுவுக்கு 2017இல் முதலில் தேவைப்பட்டது வேலி. பெரிய சுற்றில் ஓர் ஆட்டமும் வெல்லாத கிரேக்கர்க்குத் தேவைப்பட்டதும் அதுவே. தம் வலியையும் எதிரியின் வலியையும் பொய்யின்றி அளந்து பார்க்கும் நேர்மையே காப்பாட்டத்தின் தொடக்கம். அந்நேர்மை போய், பழக்கம் மாத்திரம் எஞ்சும்போது அது வெறும் தாழ்ப்பாளாகிறது.

எமது தீவகத்துப் பாடசாலைகளை எண்ணும்போது இப்பொருள் எமக்கு இன்னும் நெருங்கி வருகிறது. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கடற்காற்றில் உதைபந்து ஆடும் பிள்ளைகள் பலர். ஆயினும் ஒரே வயதுப் பிரிவிற் பதினொருவரைச் சேர்ப்பதே சிறிய பாடசாலைகளுக்குப் பெரும் பாடு. காலையில் வள்ளமேறி, பின் பேருந்தேறி, நகரத்துப் பெரிய பாடசாலையோடு மோதப் போகிறார்கள். எல்லோருக்கும் கோல் அடிக்கும் ஆசை, எல்லோரும் முன்னே ஓடுகிறார்கள், பின்னே வெளி. ஆறு, ஏழு என்று கோல்கள் விழுகின்றன. திரும்பும் படகில் ஒருவரும் பேசுவதில்லை. அத்தகைய இரண்டு தோல்விகளின் பின் சில பிள்ளைகள் காலணியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தோல்வியை நாம் அஞ்சவில்லை. 'நாங்கள் இவ்வளவுதான்' என்று பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொள்வதையே அஞ்சுகிறோம்.

அப்பிள்ளைகளுக்கு வாய்க்கவேண்டிய பயிற்றுநர், முதலிலே வேலி கட்டக் கற்பிப்பவர். இன்று ஆறு விழுந்த இடத்தில் அடுத்த முறை இரண்டு விழட்டும். அதற்கடுத்த முறை ஒன்று. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற பிள்ளை, 'அடுத்த முறை பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டு படகேறும். சமநிலை கண்ட பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு படகேறும். எமது நாட்டின் தேசியக் குழுவும் இந்தப் படிகளில் ஏறிப் பார்த்ததே. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற இலங்கை, பின்னர் உலகத் தரவரிசையின் அடிமட்டத்திற்கு இறங்கியது; 2023இல் சில மாதங்கள் உலகச் சம்மேளனத்தின் தடைக்கும் உள்ளாயிற்று. தடை நீங்கிய அடுத்த ஆண்டு, 2024 செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிக்கான ஆட்டத்திற் கம்போடியாவை எதிர்கொண்டது. எதிரியின் மண்ணிற் கோலேதும் வாங்காது 0-0 எனத் தாக்குப்பிடித்தது. கொழும்பில் 2-2 எனச் சமன் செய்து, தண்ட உதைகளில் வென்றது. அயல் மண்ணிற் காத்த அந்த வெறும் பூச்சியமே கொழும்பு வெற்றிக்கு இட்ட அத்திவாரம். 'மறித்துக்கொண்டு நின்றாற் சமநிலைதானே' என்ற மாணவருக்கு இது எமது இரண்டாவது விடை: சில சமநிலைகள் பாதி வெற்றி.

பெற்றோருக்கும் ஒரு சொல். பின்வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டிருப்பான். "எத்தனை கோல் அடித்தாய்?" என்று அவனைக் கேட்க வேண்டாம். "எத்தனை முறை மறித்தாய்? பக்கத்தில் நின்றவன் தவறியபோது நீ எங்கே நின்றாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லத் தொடங்கினால் இராச் சாப்பாடு ஆறிப்போகும். பிறர் தவறை மூடுவதற்காக ஓடுவது, புகழ் வராது என்று தெரிந்தும் இடத்தை விட்டு அசையாதிருப்பது, தோழனின் குரலை நம்பித் திரும்பிப் பாராமல் நிற்பது ஆகிய மூன்றும் தேர்வுத் தாள்களில் வருவன அல்ல, வாழ்க்கையில் வருவன.

தீவகத்தாருக்கு இவ்வொழுக்கம் புதியதன்று. எமது ஊர்களிலிருந்து கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்று பொருள் தேடியவர்கள் முன்னர் உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து கடல் கடந்து குடியேறியவர்கள் பின்னர் உண்டு. அவர்கள் அடித்த கோல்களை ஊர் கொண்டாடுகிறது, கொண்டாடத் தக்கவையே. அவர்களுக்குத் திரும்பி வர ஒரு வாசல் இருக்கும்படி, கிணற்றைத் தூர்ந்துபோக விடாமலும், கோயில் விளக்கை அணையவிடாமலும், முதியோரைத் தனியே விடாமலும் இங்கே நின்றவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் முன்னே சென்றதும் ஒருவர் பின்னே நின்றதும் ஒரே குடும்பத்தின் ஆட்டமே. தொல்காப்பியர் இரண்டையும் ஒரு திணையுள் வைத்த நுட்பம் இங்கேயும் பொருந்தக் காண்கிறோம்.

பாடசாலை அதிபர்களுக்கும் விளையாட்டுக் கழகத்தாருக்கும் சிறிய வேண்டுகோள் ஒன்று உண்டு. பரிசளிப்பு நாளிற் கூடிய கோல் அடித்தவருக்குக் கிண்ணம் கொடுக்கிறீர்கள், கொடுங்கள். அதே மேசையில், அதே உயரத்தில், சிறந்த பின்கள வீரருக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். செலவு பெரிதன்று. அடுத்த ஆண்டு அணி தெரியும்போது, "சேர், நான் பின்னுக்கு நிக்கிறன்" என்று ஒரு பிள்ளை தானாகவே முன்வந்தால், அந்தக் கிண்ணத்தின் விலை அன்றே திரும்பிவிட்டது என்று கொள்ளலாம்.